மூன்று இறகும் சங்கத்துப் பொன்னாடையும்

எங்கள் வீட்டு பேஸ்மென்றில், சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டி இருந்தது. அதற்குள் முழுக்கப் பொன்னாடைகள். சரிகைக் கரை வைத்து, ஒவ்வொன்றும் தனித்தனி உறைக்குள் மடிப்புக் குலையாமல் கிடக்கும். அவை என்னுடையவை அல்ல. எனக்கு இதுவரை ஒருவரும் பொன்னாடை போர்த்தியதில்லை. போர்த்துகிற அளவுக்கு நான் ஒன்றும் செய்து கிழித்ததும் இல்லை. அவை எங்கள் ஊர்ச் சங்கத்தின் சொத்து. நான் சங்கத்தில் மைக் பிடிக்கிற ஆள். மைக் பிடிக்கிறவன் வீட்டில்தான் ஒலிபெருக்கி, சாக்கோட்டத்துக்குச் சாக்கு, தேசிக்காய் ஓட்டத்துக்குக் கரண்டி, கயிறிழுக்கிற கயிறு, பொன்னாடை எல்லாம் கிடக்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் எழுதாத சட்டம். அந்தச் சாமான்களுக்கு நடுவே உடுப்புத் தோய்க்கிற மெஷினைத் தேடிப் பிடிப்பது என் மனைவியின் பொறுப்பு.

சங்கத்துக்கு, நான் கனடா வந்த காலம் தொட்டு ஒரே தலைவர்தான். தேர்தல் நடக்காமல் இல்லை. "வேறை ஆராவது நிக்கிறியளோ?" என்று அவரே எழும்பி நின்று கேட்பார். கேட்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். ஒருவரும் நிற்பதில்லை. ஊரில் கோயில் அவர்கள் வீட்டுப் பொறுப்பு. தேரன்று வடத்தில் முதலில் கை வைப்பது அவர்களும் அவர்களுடைய வடக்குத் தெருவும். தேர் தெற்கு வீதி திரும்பிய பிறகுதான் தெற்குத் தெருவிலிருந்த எங்கள் ஆட்கள் வடம் தொடலாம். ஏன் அப்படி என்று என் அப்பா கேட்டாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்குக் கயிறு தோளில் உரசுமே என்கிற பயம்தான் பெரிதாக இருந்தது.

இங்கே தேரும் இல்லை, வீதியும் இல்லை. அதற்குப் பதிலாகக் கோடைகால ஒன்றுகூடல். ஸ்காபறோவில் ஒரு பார்க், ஒரு பெரிய கூடாரம், ஒடியல் கூழ், மற்றன் ரோல்ஸ், பின்னேரம் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் கயிறிழுத்தல், கடைசியில் தலைவருக்குப் பொன்னாடை. பெட்டியில் கிடப்பவை விருந்தினருக்கு; தலைவருக்கு உரியதை ஒவ்வொரு வருடமும் அவரே வாங்கித் தருவார். நான் மைக்கில் குரலைத் தழுதழுக்க வைத்து, "இப்பொழுது நாங்கள் சற்றும் எதிர்பாராத ஒரு நிகழ்வு" என்று அறிவிப்பேன். அவரும் எதிர்பாராதவர் போல எழும்புவார். இந்த நாடகத்தில் எங்கள் இருவருக்கும் நல்ல பயிற்சி.

என் மகள் ஊரைப் பார்த்ததில்லை. அவளுக்கு ஊர் என்றால் அந்தப் பார்க்தான். தேசிக்காய்க் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு அவள் ஓடாத ஒன்றுகூடல் இல்லை. ரூஜ் ஆற்றுப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிற கிண்ணங்கள் முழுவதும் அவள் வென்றவை. நான் வென்றவை என்று விருந்தினருக்குச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை.

அவள் கலியாணம் முடித்தது ஓஷவாவில் பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெடியனை. ஸ்கொட்லாந்து வம்சம். தாலி கட்டு றிச்மண்ட் ஹில் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை வேட்டியோடும், சம்பந்தி கில்ற் என்கிற அந்தக் கட்டம் போட்ட பாவாடையோடும் நின்றார்கள். எங்கள் ஆட்கள் மணமக்களை விட்டுவிட்டுச் சம்பந்தியோடு படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். தலைவரும் வந்து வாழ்த்தினார், சாப்பிட்டார், சம்பந்தியின் தோளில் கை போட்டுப் படமும் எடுத்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த கோடை தொடங்கும்போது தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, ஒரு சின்ன விசயம்."

"சொல்லுங்கோ அண்ணை."

"இந்தமுறை புதுசாய்க் கட்டின சோடியளை மேடைக்குக் கூப்பிடேக்கை, உம்மடை மகளைக் கூப்பிட வேண்டாம்."

"ஏன் அண்ணை, அவள் கட்டேல்லை எண்டு ஆரும் சொன்னவையோ? நீங்கள் வந்து ஐஸ்கிறீம் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினனீங்கள்."

"பகிடி விடாதையும். எங்கடை வழக்கம் உமக்குத் தெரியும். பொம்பிளைப் பிள்ளை கட்டினால் புருசன்ரை ஊர்."

"அவன்ரை ஊர் ஓஷவா அண்ணை."

"அப்ப ஓஷவாச் சங்கத்திலை சேரட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அவர் பகிடி விடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பெடியன் வரட்டும், சாப்பிடட்டும். சாப்பாட்டுக்குத் தடையில்லை," என்றார். "மேடையும் கயிறும் மட்டும் ஊர் ஆக்களுக்கு. நீர் மைக் பிடிக்கிற ஆள், நீரே வழக்கத்தை மீறக் கூடாது."

குசினியில் மனைவி ரோல்ஸுக்கு மா கரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொன்னேன். கரைக்கிற வேகம் மட்டும் கூடியது. மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பா, சீரியஸ்லி? நான் கிண்டர்கார்டினிலை இருந்து அங்கை ஓடுறன்," என்றாள். பிறகு, "இற்ஸ் ஓகே. நாங்கள் வந்து சாப்பிட்டிட்டுப் போறம்."

ஓகே என்று சொல்கிற குரல் எனக்குத் தெரியும். முழங்கால் உரசிக்கொண்டு வந்து, அழாமல் நிற்பதற்காகச் சின்ன வயதில் வைத்திருந்த குரல் அது.

இந்த நேரத்தில்தான் சம்பந்தி கூப்பிட்டார். அவர் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ரொறொன்ரோவுக்கு வெளியே ஒரு சிற்றூரில் அவர்களுடைய கோடை விளையாட்டு விழா நடக்குமாம். இந்த முறை ஸ்கொட்லாந்திலிருந்து அவர்களுடைய குலத்தலைவர் வருகிறாராம். நாங்களும் வர வேண்டுமாம்.

"உங்களுக்கும் தலைவர் இருக்கிறாரா?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது.

இருக்கிறார் என்றார். அந்தக் காலத்தில் நிலம் முழுதும் தலைவர் கையில். அவர் தருகிற துண்டில் குடியிருந்து, அவர் கூப்பிட்டால் சண்டைக்குப் போய், உங்களுக்குள் வழக்கு வந்தால் அவர் சொல்கிற தீர்ப்பைக் கேட்டு வாழ்வது. அதற்குப் பதிலாக அவர் உங்களைக் காக்க வேண்டும்.

"காத்தவரா?" என்றேன்.

"அது ஒரு கதை," என்றார் சம்பந்தி.

தலைவர் ஒருவரைப் பார்க்கப் போகிறோம், வெறுங்கையோடு போவதா? பேஸ்மென்றுக்கு இறங்கிப் போய், பெட்டியைத் திறந்து, சங்கத்துப் பொன்னாடைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். மனைவி ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் கட்டித் தந்தாள்.

அந்த மைதானத்தில் இறங்கியதும் எனக்கு ஊர் நினைவெல்லாம் வரவில்லை, எங்கள் ஒன்றுகூடல்தான் நினைவுக்கு வந்தது. வரிசையாகக் கூடாரங்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் குலத்தின் பெயர் எழுதிய துணி, கதிரை பிடித்து வைத்துவிட்டுக் காணாமல் போன மாமிகள், தொலைந்துபோன பிள்ளையை ஒலிபெருக்கியில் கூப்பிடும் ஒருவர். நாதஸ்வரத்துக்குப் பதிலாகப் பை வைத்த குழல். கூழ்தான் இல்லை.

சம்பந்தியின் குலக் கூடாரத்துக்குள் நுழைந்தேன். நடுக்கதிரையில் ஒரு மலை உட்கார்ந்திருந்தது. செம்பட்டைத் தாடி, கில்ற், காலுறைக்குள் ஒரு கத்தி, இடுப்பைத் தாண்டி வந்து எங்களை வரவேற்கிற வயிறு. எங்கள் சங்க அனுபவத்தில் நடுக்கதிரையில் வயிற்றோடு இருப்பவரே தலைவர். இதில் நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை. நேரே போய், பொன்னாடையை உறையிலிருந்து எடுத்து விரித்து, இரண்டு கையாலும் அந்தத் தோளில் போர்த்தி, கை கூப்பினேன். பழக்க தோஷத்தில் "சற்றும் எதிர்பாராத ஒரு நிகழ்வு" என்று தமிழில் சொன்னதாகவும் மருமகன் பிறகு சொன்னார்.

மனிதர் திகைத்துப் போனார். பிறகு எழும்பி என்னை அப்படியே கட்டிப் பிடித்தார். நான் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருக்க, மருமகன் காதுக்குள் சொன்னார்:

"மாமா, பிழையான ஆள்."

அவர் பக்கத்துக் கூடாரத்தைச் சேர்ந்த சம்மட்டி எறிகிற போட்டிக்காரராம். வெயிலுக்கு ஒதுங்க வந்து உட்கார்ந்தவராம்.

"அப்ப தலைவர் எங்கை?"

மருமகன் கூடாரத்தின் மூலையைக் காட்டினார். ஒரு சின்ன உருவம், என் மனைவியைவிடக் கொஞ்சம் வயது கூடிய பெண், புல்லில் முழங்காலூன்றி, காற்றுக்குக் கழன்றுவிட்ட கூடார முளையைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார். தலையில் ஒரு நீலத் தொப்பி. அதில் மூன்று நீளமான கழுகு இறகுகள்.

"இறகைப் பாருங்கோ மாமா," என்றார் மருமகன். என் மகளிடம் படித்த தமிழ். அதனால் எங்கள் வீட்டு இழுவை அப்படியே இருக்கும். "மூண்டு எண்டால் தலைவர். ரெண்டு எண்டால் அவவுக்குக் கீழை. எங்களுக்கு இறகு இல்லை, இந்த பட்ஜ் மட்டும்." அவருடைய தொப்பியில் ஒரு வெள்ளிச் சின்னம் இருந்தது. தலைவரின் சின்னத்தைச் சுற்றி ஒரு வார்ப்பட்டி கொளுவியிருந்தது. நான் இவருடைய ஆள் என்று அதற்கு அர்த்தமாம்.

சம்மட்டிக்காரரிடம் போய்ப் பொன்னாடையைத் திருப்பிக் கேட்க முடியுமா? போர்த்தியதை உருவுகிற பாவத்தை நான் செய்ய மாட்டேன். தலைவிக்குக் கொடுக்க என்னிடம் மிஞ்சியது ரோல்ஸ் தட்டு. அவர் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது. இன்னொன்று எடுத்தார்.

அவர் பேசியது ஸ்கொட்லாந்து ஆங்கிலம். எனக்குப் பாதிதான் பிடிபட்டது, மீதியை மருமகன் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு இப்போது எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது.

"தகப்பனுக்குப் பிறகு நீங்களோ தலைவர்?" என்றேன்.

"ஓம்."

"கலியாணம் கட்டின பிறகும்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கட்டினவுடனை நான் என்ரை அப்பாவின்ரை மகள் இல்லையெண்டு ஆகுமோ? உங்கை நிக்கிறார் என்ரை மனிசன். அவர் வேறை பேர். தலைவர் எண்டால் குலத்தின்ரை பேர் இருக்க வேணும், அதாலை நான் பேர் மாத்தேல்லை."

கணவர் கூடார வாசலில், மனைவியின் கைப்பையைத் தன் தோளில் கொளுவிக்கொண்டு, சம்மட்டிக்காரருடைய பொன்னாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். தட்டிலிருந்து ஒரு ரோலை எடுத்துத் தலைவியின் கணவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இதற்குள் சம்பந்தி என்னை ஓரமாக இழுத்து, முன்பு சொல்லாமல் விட்ட கதையைச் சொன்னார். இந்தத் தலைவியின் முன்னோர்தான் சம்பந்தியின் முன்னோரை நிலத்தைவிட்டுக் கலைத்தார்களாம். மனிதர் தருகிற குத்தகையைவிடச் செம்மறி ஆட்டு மயிரில் வருமானம் கூடவாம். வீடுகளின் கூரையைக் கழற்றி, ஆட்களைக் கப்பலேற்றி விட்டார்களாம். அப்படித்தான் கனடா.

"பிறகும் ஏன் இவவின்ரை கூடாரத்துக்கு வாறியள்?" என்றேன்.

சம்பந்தி தாடையைச் சொறிந்தார். "எங்களைக் கலைச்சது எங்கடை ஆக்கள்தானே," என்றார்.

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவன் மைக் பிடிக்கப் போக மாட்டான். நான் தலைவியிடம் திரும்பிப் போனேன்.

"உங்கடை செம்மறியள் எல்லாம் சுகமோ?"

சம்பந்தியின் முகம் அவருடைய கில்ற்றின் சிவப்புக் கட்டம் மாதிரி ஆனது. மகள் என் கையை நுள்ளினாள். தலைவி தட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

"செம்மறி ஒண்டும் மிஞ்சேல்லை. நிலமும் மிஞ்சேல்லை. ஒழுகிற ஒரு வீடு கிடக்கு," என்றார். "ஆக்கள்தான் மிஞ்சினவை. அவையும் இஞ்சை. இவையைக் கலைச்ச ஆக்களின்ரை பேத்தி நான். கூப்பிட்டால் வராமல் இருக்கேலுமோ? வந்து நிக்கிறது, ஆர் வந்தாலும் வாங்கோ எண்டு சொல்லுறது. இப்ப எனக்கு இருக்கிற வேலை அவ்வளவுதான்."

அந்த வேலையை அவர் செய்வதையும் நான் பார்த்தேன். பின்னேரம் குலங்களுக்கு இடையில் கயிறிழுத்தல். எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தது. என்னை நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கையை உயர்த்தி, இவர் உங்கள் பெயர்க்காரர் இல்லையே என்றார். கேட்டது நியாயம்தான், என்னைப் பார்த்தால் ஹைலண்ட் மலையில் ஆடு மேய்த்த பரம்பரை மாதிரித் தெரியாது. தலைவி நடந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"இவர் என்ரை ஆள். நான் சொல்லுறன்," என்றார்.

அவ்வளவுதான். கையை உயர்த்தியவர் தலையாட்டிவிட்டுக் கயிற்றை எடுத்தார். ஒரு தலைவர் தன்னிடம் வந்தவரைத் தன் ஆள் என்று ஏற்றுக்கொண்டால் அதற்கு மேல் கேள்வி இல்லையாம். அது அவர்களுடைய பழைய வழக்கமாம். ஊதல் ஒலித்தது. நாங்கள் உடனடியாகத் தோற்றோம். அதில் என்னுடைய பங்களிப்பு கணிசமானது.

வீட்டுக்கு வருகிற வழியில், காரில், முழங்காலில் ஐஸ் பையோடு யோசித்துக்கொண்டு வந்தேன். கொடுக்க வேறு ஒன்றுமில்லாதவருக்கு ஆள் சேர்ப்பது சுலபம்தானே என்று முதலில் நினைத்தேன். பிறகு எங்கள் தலைவரை நினைத்தேன். அவரிடம் மட்டும் என்ன இருக்கிறது? கோயிலும் தேரும் கடலுக்கு அப்பால். இங்கே இருப்பது ஒரு மைக், ஒரு கயிறு. அவையும் என் பேஸ்மென்றில்.

படத்தைச் சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். சம்மட்டிக்காரர் பொன்னாடையோடு நடுவில், அவருடைய கக்கத்துக்குக் கீழே நானும் தலைவியும். தலைவரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"சங்கத்துப் பொன்னாடையை ஆரைக் கேட்டு எடுத்தனீர்? ஆர் உவன்? சரி, அதை விடும். ஒன்றுகூடலுக்கு மைக்கோடை வாரும். நான் சொல்லுறதை மட்டும் சொல்லும்."

ஒன்றுகூடலன்று நல்ல வெயில். மகளும் மருமகனும் சம்பந்தியோடு வந்தார்கள். சம்பந்தி அரைக் காற்சட்டையோடு வந்ததில் பல அன்ரிமாருக்கு ஏமாற்றம். மருமகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்கொட்லாந்து வம்சம் என்றதும் மரக்குற்றி தூக்குகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மெலிந்த உடம்பு, கண்ணாடி, கண் வைத்தியர் கடையில் வேலை. கயிற்றை அவர் பிடித்தால், கயிறுதான் அவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புதுச் சோடிகளை மேடைக்கு அழைக்கிற நேரம். தலைவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "இதை நானே செய்யிறன்," என்றார். ஒவ்வொரு சோடியாகக் கூப்பிட்டார், தெருப் பெயர் சொன்னார், கை தட்டச் சொன்னார். என் மகள் குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிரம்பி வழிந்தது. அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. மேடையில் கடைசிச் சோடியும் இறங்கிய பிறகுதான் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

மைக் திரும்ப என்னிடம் வந்தது. அடுத்தது கயிறிழுத்தல். வடக்குத் தெருவைக் கூப்பிட்டேன்; வந்தார்கள். தெற்குத் தெருவைக் கூப்பிட்டேன். எங்கள் ஆட்கள் வந்தார்கள். பிறகு மைக்கை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்தேன்.

"தெற்குத் தெருவின்ரை கடைசி ஆள், என்ரை மருமகன்! வாங்கோ தம்பி, கண்ணாடியைக் கழட்டி மாமியிட்டைக் குடுத்திட்டு வாங்கோ!"

ஒலிபெருக்கி செத்தது. தலைவர் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, நான் உமக்குச் சொன்னனான்."

"சொன்னனீங்கள் அண்ணை."

"கயிறு ஊர் ஆக்களுக்கு."

"என்ரை மகள் இந்த ஊர். அவளின்ரை மனிசன் இந்த ஊர். நான் சொல்லுறன்."

"நீர் ஆர் சொல்ல?"

நல்ல கேள்வி. என் தொப்பியில் இறகு இல்லை. தொப்பியே இல்லை, வழுக்கைதான் இருக்கிறது. "கயிறு என்ரை பேஸ்மென்றிலை கிடக்கிறது," என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் வடக்குத் தெருக்காரரைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாக. அவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றைப் புல்லில் வைத்தார்கள். எங்கள் பக்கத்திலும் பலருக்குத் திடீரென்று தண்ணீர் விடாய் எடுத்தது. கடைசியில் எங்கள் முனையில் நின்றது நானும், கண்ணாடி இல்லாமல் எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாத மருமகனும், என்ன நடக்கிறது என்று விளங்காமலே கயிற்றைப் பிடித்துவிட்ட சம்பந்தியும். எதிர் முனையில் புல் மட்டும்.

கயிறிழுத்தலில் இதுதான் வில்லங்கம். எதிரில் பிடிக்க ஆளில்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு வீரனாக இருந்தாலும் கயிறு வைத்திருக்கிற ஒரு விசரன், அவ்வளவுதான்.

மகள் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "அப்பா, விடுங்கோ. வீட்டை போவம்."

"விடமாட்டன்," என்றேன். "இது உன்ரை பார்க். நீ இஞ்சையே நில்லு."

அப்போதுதான் ரோல்ஸ் பொரிக்கிற அடுப்பை அணைத்துவிட்டு என் மனைவி வந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தபடி தலைவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை, நான் எந்த ஊர்?"

"இதென்ன கேள்வி பிள்ளை? எங்கடை ஊர்."

"நான் பிறந்தது வேறை ஊர். உங்கடை ஊரை நான் கண்ணாலையும் காணேல்லை. கொழும்பிலை கட்டிப்போட்டு நேரை கனடாவுக்கு வந்தனான்."

"அது... நீங்கள் கட்டி வந்தனீங்கள்."

"எங்கடை மருமகனும் கட்டித்தான் வந்தவர்."

தலைவர் வாயைத் திறந்தார். வயர் கையிலேயே இருந்ததால் அவருக்கும் மைக் இல்லை. என் மனைவி காத்திருக்கவில்லை. கூழ்ப் பானையைச் சுற்றி நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். அவளுக்கு ஒலிபெருக்கி ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அதற்கு நான் சாட்சி.

"இந்த ஊரிலை பிறக்காத ஆக்கள் எல்லாம் வந்து அந்த முனையைப் பிடியுங்கோ!"

முதலில் ஒருத்தி வந்தாள். பிறகு இரண்டு பேர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். பிறகு எண்ண முடியவில்லை. அக்கம்பக்கத்து ஊர்கள், மலைநாடு, மன்னார் என்று எங்கெங்கோ பிறந்து, எங்கள் ஊர்ப் பெயர் எழுதிய கூடாரத்தின் கீழே வருடக் கணக்காகச் சமைத்தவர்கள். கடைசியாக, அகப்பையோடு, தலைவரின் மனைவி வந்தார். சங்கத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவரும் வேறு ஊர் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அகப்பையைக் கணவரின் கையில் கொடுத்தார்.

"அடிப்பிடிக்கப் போகுது, துழாவுங்கோ," என்றார்.

தலைவர் ஒரு கையில் வயரும் மறு கையில் அகப்பையுமாக நின்றார்.

"நடுவிலை துணி கட்டேல்லை," என்று யாரோ கத்தினார்கள். கயிற்றின் நடுவைக் காட்ட ஒரு துணி வேண்டும். வழக்கமாகக் கட்டுகிற சிவப்புத் துண்டை நான் வீட்டில் மறந்துவிட்டேன். தேடினோம். மேடை மேசையில், கடைசியில் தலைவருக்குப் போர்த்த உறையோடு வைத்திருந்த பொன்னாடைதான் இருந்தது. நான்கூட அதைத் தொடத் தயங்கினேன்.

"உதைக் கட்டுங்கோ," என்றார் தலைவரின் மனைவி. "வீட்டிலை அலுமாரி நிறையக் கிடக்கு."

என் மகள்தான் உறையைக் கிழித்தாள். அவள்தான் அதைக் கயிற்றின் நடுவில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். சரிகை வெயிலில் மினுங்கியது. பிறகு அவள் எங்கள் பக்கம் வந்து, கணவனுக்கும் எனக்கும் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்தாள். "நான் இந்த ஊர்," என்று யாருக்கென்றில்லாமல் சொன்னாள். அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போன தெற்குத் தெருக்காரர் சிலர் விடாய் தீர்ந்து திரும்பினார்கள். வடக்குத் தெருவிலிருந்தும் ஒருவர் வந்தார். வந்தவர் எங்கள் பக்கம் பிடித்தார். தன் மனைவிக்கு எதிராக இழுக்க இப்படி ஒரு சந்தர்ப்பம் இனிக் கிடைக்காது என்றார்.

இழுபறி என்று எழுத ஆசைதான். எழுத முடியாது. கூழ்ப் பானை தூக்கிப் பழகிய கைகள் அவை. ஒரே இழுவை. நான் குப்புற விழுந்து, எனக்கு மேல் மகள், அவளுக்கு மேல் மருமகன், எல்லாவற்றுக்கும் மேல் சம்பந்தி. புல்லுக்குள் முகம் புதைந்திருக்க, மருமகனின் குரல் கேட்டது:

"மாமா, சுகமோ?"

மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓகே என்று சொல்லவில்லை.

தலைவர் அன்று பொன்னாடை இல்லாமல் வீட்டுக்குப் போனார். மனம் மாறினாரா என்று கேட்டால், இல்லை. கூழ் அடிப்பிடித்துத்தான் போனது. அடுத்த கிழமை சங்கத்திலிருந்து இரண்டு பேர் வான் வண்டியோடு வந்தார்கள். புதிய அறிவிப்பாளர் ஒருவரைத் தெரிவு செய்துவிட்டார்களாம். ஒலிபெருக்கி, மைக், சாக்கு, கரண்டி, பொன்னாடைப் பெட்டி எல்லாவற்றையும் நானே தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டேன். மனைவிக்கு உடுப்புத் தோய்க்கிற மெஷின் முழுதாகத் தெரிந்ததில் பெரிய சந்தோஷம்.

"கயிறு?" என்றார்கள்.

"அது இருக்கட்டும்."

"அது சங்கத்தின்ரை அண்ணை."

"ஓம். சங்கத்துக்குத்தான் வச்சிருக்கிறன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி ஆளுக்கு இரண்டு ரோல்ஸ் கொடுத்து அனுப்பினாள்.

கயிறு இப்போது சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. நடுவில் பொன்னாடை முடிச்சு அப்படியே இருக்கிறது. அவிழ்க்கப் பார்த்தேன், மகள் போட்ட முடிச்சு, அவிழவில்லை. வருகிற கோடைக்கும் ஒன்றுகூடல் நடக்கும். நாங்கள் எல்லோரும் போவோம். சம்பந்தி கில்ற்றோடு வருவதாக அன்ரிமாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். கயிறு வேண்டுமென்றால் தலைவர் என் வீட்டு மணியை அடிக்கட்டும். கதவை நான் திறக்க மாட்டேன். மகளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வேன்.